செத்தவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சிங்கங்கள்

"ஜப்பான்தான் ஒரிஜினல், மற்றதெல்லாம் கொப்பி." ஒன்றுசேர்ற ரொபோ சாமான் பற்றிக் கதை தொடங்கினால் எங்கட பெடியள் இந்த இடத்திலதான் வந்து நிற்பினம். ஜப்பான் சாமான் உலோகம், நல்ல பாரம், அமெரிக்காக்காரன்ர பிளாஸ்டிக். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாச்சு. ஒருகொடவத்தையில் சுங்கத்தின் கொன்டெய்னர் யார்டைப் பார்த்தபடி வளர்ந்த எங்களுக்கு இந்த ஒரிஜினல் பக்தி கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கு. கடல் தாண்டும்போது பெரிசாக மாறுறது சாமான் இல்லை, அதோட வாற கதை.

சில நேரம் அது நல்லாவும் மாறும். ஜப்பானின் டக்காரா கொம்பனி விற்ற 'டயாக்ளோன்' ரொபோக்கள் வெறும் வாகனங்கள். காலில் காந்தம் வைத்த குட்டி மனிதன் ஏறி ஓட்டுவான். 1984இல் அவற்றை எடுத்து ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் என்று விற்ற அமெரிக்க ஹஸ்ப்ரோ, அந்த மனிதனை இறக்கிவிட்டு ரொபோவுக்கே உயிரும் பேரும் குணமும் கொடுத்தது. பெரும்பாலான குணங்களை எழுதியவர் மார்வெலின் பொப் புடியான்ஸ்கி. ஆறு கட்டுமான வாகனங்கள் சேர்ந்த டெவஸ்டேட்டருக்கு ஆறு புத்தியும் ஒத்துப்போனால்தான் வேலை நடக்கும். (எங்கட கூட்டங்கள் மாதிரியே.) 1985இல் டக்காரா இந்தக் கதையையே ஜப்பானுக்குக் கொண்டுபோய் விற்றது. ஒரிஜினல்காரனே கொப்பியை வாங்கிப்போட்டான். இதுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?

ஆனால் அமெரிக்காக்காரனை நாங்கள் மன்னிக்காத இடம் ஒன்று இருக்கு. 1981இல் ஜப்பானில் வந்த 'கோலயன்' தொடரில் ஐந்து சிங்கங்கள் சேர்ந்து ஒரு ரொபோ. அணுகுண்டுப் போரில் அழிந்த பூமிக்குத் திரும்பி வாற ஐந்து பெடியளின் கதை அது. அதில் ஷிரோகனே என்பவன் தொடக்கத்திலேயே செத்துப் போறான். 1984இல் இதே படத்தை வெட்டி ஒட்டி 'வோல்ட்ரன்' ஆக்கினார்கள். பூமி அழியவில்லை. ஷிரோகனே ஸ்வென் ஆனான். அவனும் சாகவில்லையாம், வேறொரு கிரகத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். பிறகு கதையில் அவனுடைய தம்பி வாறான். அந்தத் தம்பியின் காட்சிகளையே காட்டி, "பார், ஸ்வென் குணமாகி வந்திட்டான்" என்றார்கள். ஜப்பானில் பொப்பி செய்த சிங்கங்களையே மெட்ச்பொக்ஸ் அமெரிக்காவில் விற்றது. பிள்ளையின் கையில் அதே சாமான், காதில் பொய்.

"சின்னப் பிள்ளையள் பயப்படுங்கள், அதுக்காகத்தானே?" என்று கேட்பீங்கள். இரத்தத்தைக் காட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. செத்தவன் செத்தான் என்று சொல்லச் சொல்லித்தான் கேட்கிறோம். "எங்கேயோ இருக்கிறான், வருவான்" என்ற வசனம் இந்த நாட்டில் எத்தனை வீட்டில் சொல்லப்பட்டது! 2008, 2009இல் கொழும்பிலும் அயலிலும் கடத்தப்பட்ட 11 பேரின் தாய்மாருக்கு அந்த வசனம் எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கோ. கார்ட்டூனும் கடத்தலும் ஒன்றென்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லாமல் காக்க வைக்கிறதைப் பாசம் என்று பேர் வைத்து விற்றால், அதை எங்கே கண்டாலும் எங்களுக்கு உடம்பு எரியும்.

ஆகவே உலோகமா பிளாஸ்டிக்கா என்ற சண்டையை விடுங்கோ. 2016இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த புது வோல்ட்ரனில் ஷிரோகனே என்ற பேர் திரும்பி வந்தது. செத்துப் போனான் என்றும் ஒருக்கா சொன்னார்கள். பிறகு மனம் கேளாமல், அவனுடைய குளோனின் உடம்பில் உயிரை ஏற்றி எழுப்பிவிட்டார்கள்.