அடிச்சா ஒண்ணுமே விழாது மச்சி!

இன்டர்னல்ஸ் முடிஞ்சுதா? எத்தனை போச்சுன்னு கேட்க மாட்டேன், நீங்களும் என்னைக் கேட்காதீங்க. டீலிங் ஓகேதானே?

போன வாரம் ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணி. நோட்ஸை மூடி வெச்சுட்டு ரூம்மேட்டும் நானும் மைன்கிராஃப்ட்ல சுரங்கம் தோண்டிட்டு இருந்தோம் (வார்டன் சார் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார்ங்கிற நம்பிக்கையில எழுதுறேன்!). கட்டை கட்டையா அடுக்கி உலகம் கட்டுற கேம்தான். நிலக்கரி வெட்டிட்டு இருக்கும்போது தலைக்கு மேல ‘கீச் கீச்’. ஒரு வௌவால்! நம்மாளு வாளை எடுத்து ரெண்டு போடு போட்டான். மொத்தமே மூணு ஹார்ட்தான் அதுக்கு. பொத்துனு விழுந்து காணாமப் போச்சு.

“என்னடா, ஒண்ணுமே கிடைக்கல?”

கிடைக்காது மச்சி. ஜாம்பியை அடிச்சா அழுகின கறியாவது விழும். எலும்புக்கூட்டை அடிச்சா எலும்பு. வௌவாலை அடிச்சா ஒரு பொருளும் விழாது, எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட்கூட ஏறாது. 2012 அக்டோபர்ல வந்த அப்டேட்டுல இதைச் சேர்த்தாங்க. கம்ப்யூட்டர்ல ஆடுற ஜாவா எடிஷனோட கோடிங்கைப் பார்த்தா, ‘ஆம்பியன்ட்’னு தனியா ஒரு வகை இருக்கு. அந்த வகையில இருக்கிற ஒரே ஜீவன் வௌவால்தான். கடிக்காது, துரத்தாது. இருட்டுல தொங்கும், நாம பக்கத்துல போனா பதறிப் பறக்கும். அவ்ளோதான் அதுக்கு வேலை. ஆனா கவனிச்சுப் பாருங்க, பாறைக்குப் பின்னாடி ‘கீச்’ கேட்டா அங்கே ஒரு குகை இருக்குன்னு அர்த்தம். வழி சொல்ற பார்ட்டியைத்தான் நம்மாளு போட்டுத் தள்ளிட்டான்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. ஏன்னா நானும் ஒரு கேஸ்ல அக்யூஸ்ட்.

எங்க ஊரு ஆத்தூர். சேலம் ஆத்தூர் இல்லை பாஸ், திண்டுக்கல் ஆத்தூர். காமராஜர் அணை இருக்கே, அது. (ஒவ்வொரு தடவையும் இதை விளக்கியே என் ஆயுசு போகுது.) எங்க தெரு முனையில ஓடு சரிஞ்ச பழைய குடோன் ஒண்ணு இருந்துச்சு. உள்ளே உத்தரத்துல வரிசையா வௌவால்கள். எங்க அப்பத்தா காலத்துல இருந்தே இருக்குன்னு சொல்லுவாங்க. யாரும் அதைக் கண்டுக்கிட்டதே இல்லை.

2020 ஏப்ரல். லாக்டவுன். நான் அப்போ ஒன்பதாவது. வௌவால்ல கொரோனா வைரஸ் இருக்குன்னு டி.வி-யில ஃப்ளாஷ் ஓடுச்சு. விஷயம் என்னன்னா, ஐ.சி.எம்.ஆர். விஞ்ஞானிகள் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, இமாச்சல்னு நாலு இடத்துல பழந்தின்னி வௌவால்கள்கிட்ட எடுத்த மாதிரிகள்ல கொரோனா குடும்பத்து வைரஸைக் கண்டுபிடிச்சிருந்தாங்க. அது கோவிட் கொடுக்கிற வைரஸ் கிடையாது, வேற. அந்த ‘வேற’ங்கிற வார்த்தை மட்டும் எங்க தெருவுக்கு வந்து சேரவே இல்லை.

அடுத்த நாளே தெரு கூடிருச்சு. வேப்பிலை, வரமிளகாய், பழைய சைக்கிள் டயர். டயரைத் தேடி எடுத்துட்டு வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? ஐயாதான்! புகை போட்ட கொஞ்ச நேரத்துல பட்டப்பகல்ல அத்தனையும் வெளியே. காக்கா கூட்டம் ரெடியா காத்துட்டு இருந்துச்சு. ஒண்ணு என் கால்கிட்டயே விழுந்துச்சு. நெஞ்சுல ஒரு குட்டி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல நின்னவர் தென்னை மட்டையை எடுத்தார். நான் பார்த்துக்கிட்டே நின்னேன். “வேணாம்ணே”ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.

அதுக்கப்புறம் மறந்தே போயிட்டேன். செகண்ட் இயர் மினி புராஜெக்ட்ல மறுபடி மாட்டினேன். எங்க டீம் அல்ட்ராசானிக் சென்ஸர் வெச்ச ஸ்மார்ட் டஸ்ட்பின் பண்ணுச்சு. (எல்லா டீமும் அதைத்தான் பண்ணுச்சு!) அந்த சென்ஸர் 40 கிலோஹெர்ட்ஸ்ல சத்தம் அனுப்பி, எதிரொலி வர்ற நேரத்தை வெச்சு தூரத்தைக் கணக்குப் போடும். நம்ம காது 20 கிலோஹெர்ட்ஸோட க்ளோஸ். ரிப்போர்ட்டுக்கு நாலு பக்கம் தேத்தணுமேன்னு தேடினப்போதான் டொனால்ட் கிரிஃபின் சிக்கினார். வௌவாலும் இதே மாதிரி நம்ம காதுக்குக் கேட்காத சத்தம் போடுதுன்னு 1938-ல அமெரிக்காவுல காலேஜ் மாணவரா இருக்கும்போது கண்டுபிடிச்சவர். அங்கேருந்து நூல் பிடிச்சுப் போனா, அது நேரா நம்ம மதுரைக்கு வந்து நிக்குது!

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துல சமணர் மலை இருக்கில்லையா? கீழக்குயில்குடி தாமரைக் குளம், பாறையில செதுக்கின தீர்த்தங்கரர்கள்னு செல்ஃபி எடுத்துட்டு வந்திருப்பீங்க. அந்த மலைக் குகைகள்ல இலைமூக்கு வௌவால்னு ஒரு வகை குடியிருக்கு. பூச்சி தின்னி. அதோட சத்தம் 130 கிலோஹெர்ட்ஸ் பக்கம். நம்ம டஸ்ட்பின் சென்ஸரெல்லாம் அது முன்னாடி எல்.கே.ஜி!

அந்தக் குகைக்குள்ள பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் ஜி.மாரிமுத்துவும் அவங்க டீமும் செஞ்ச ஒரு சோதனை 1981-ல வெளியாச்சு. இருட்டுக் குகைக்குள்ளேயே ஒரு கூண்டு. அதுல ஒத்தை வௌவால். வெளிச்சம் எட்டிப் பார்க்காத இடம், பகலா ராத்திரியான்னு அதுக்குத் தெரிய வழியே கிடையாது. ஆனாலும் கூட்டம் சாயங்காலம் வேட்டைக்குக் கிளம்புற நேரம் பார்த்து இதுவும் கூண்டுக்குள்ள றெக்கையடிக்க ஆரம்பிக்குது. தினமும்! கூட்டமே இல்லாத இருட்டுல வெச்சா? அதோட உள் கடிகாரம் 24 மணி நேரக் கணக்கை விட்டு மெள்ள மெள்ள விலகிப் போகுது. சூரியனைப் பார்க்காத வௌவால், சொந்தக்காரங்க போக்குவரத்தை வெச்சே டைம் பார்க்குது.

இதைப் படிச்சப்போ முதல்ல எனக்கு நம்ம லாக்டவுன்தான் ஞாபகம் வந்துச்சு. ஸ்கூல் இல்லை, பஸ் இல்லை, விடியக்காலை நாலு மணிக்குத் தூக்கம், மத்தியானம் ஒரு மணிக்குப் பல் தேய்ப்பு... அப்புறம்தான் அந்த குடோன் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்குத் திசைக்கு ஒண்ணா சிதறிப் போனதுல எது எதோட போய்ச் சேர்ந்துச்சோ.

அதுக்காக, ‘வௌவால் ரொம்ப ஸ்வீட், எடுத்துக் கொஞ்சுங்க’ன்னு சொல்ல வரல. 2018-ல கோழிக்கோட்டுல வந்த நிபா வைரஸுக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் தொடர்பு உண்டு. அதனால வௌவால் கடிச்ச பழத்தைத் தின்னாதீங்க. கீழே கிடந்தா வெறுங்கையால தொடாதீங்க, தப்பித் தவறி கடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஆனா தொந்தரவு பண்ணாம அதுபாட்டுக்குத் தொங்க விட்டா பிரச்னை இல்லை. புகை போட்டுக் கலைச்சு தெரு பூரா பறக்க விட்டதுதான், யோசிச்சா, நாங்க பண்ணின பெரிய ரிஸ்க்!

சட்டமும் ரொம்ப நாளா நம்ம தெரு மாதிரிதான் இருந்துச்சு. 1972 வனவிலங்குச் சட்டத்துல எலி, காக்காவோட சேர்த்து பழந்தின்னி வௌவாலையும் ‘தொல்லை தரும் உயிரினம்’ பட்டியல்ல போட்டிருந்தாங்க. 2022 திருத்தத்துல அந்தப் பட்டியலையே தூக்கிட்டாங்க. இலுப்பைப் பூவைத் தேடி ராத்திரியில வர்றதும், பழத்தைத் தூக்கிட்டுப் போய் விதையை வேற இடத்துல போடுறதும் இந்தத் ‘தொல்லை’தான்!

இன்னொரு செம மேட்டர். 1948-ல இப்போ தேனி மாவட்டத்துல இருக்கிற மேகமலைப் பக்கம் ஆங்கஸ் ஹட்டன்னு ஒரு எஸ்டேட்காரர் ஒரு வௌவாலைப் பிடிச்சார். (அப்போ அந்த மலையும் எங்க ஆத்தூரும் ஒரே மதுரை ஜில்லா.) சாதாரண வகைன்னு லேபிள் ஒட்டி மியூசியத்துல வெச்சுட்டாங்க. 1972-ல தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா எடுத்துப் பார்த்தா, உலகத்துல வேற எங்கேயும் பதிவாகாத புது இனம்! சலீம் அலி பேரை வெச்சார். 24 வருஷம் தப்பான பேரோடு சும்மா கிடந்திருக்கு.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். குடோனை இடிச்சுட்டு தகர ஷெட் போட்டிருக்காங்க. சாயங்காலம் ஆறரைக்கு அணைக் கரையில உட்கார்ந்து பார்த்தேன். இருட்டுற நேரத்துல மலைப் பக்கமிருந்து ஒண்ணு, ரெண்டு, அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு வந்துச்சு. எங்க குடோன் கோஷ்டி அதுல இருந்துச்சான்னு தெரியல. கொசு கடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

நேத்து ராத்திரி கேம்ல மறுபடி ‘கீச்’. ரூம்மேட் வாளை எடுத்தான்.

“டேய், டார்ச்சை அந்தப் பக்கம் வைக்காத. அது தூங்குது.”

“லூஸாடா நீ?”ன்னான். ஆனா வைக்கல.