அவருக்கா, அவரேயா?

இந்த இதழ் இரண்டு நாள் பிந்தி வருகிறது. காரணம் ஒரு சொல். அமெரிக்க விளையாட்டு அணிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை நண்பர் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். திறமைசாலியான ஓர் ஆட்டக்காரரைப் பற்றி அதில் ஒரு வரி: "அணியின் உடைமாற்றும் அறையில் அவர் ஒரு புற்றுநோய்." மெய்ப்பு பார்க்கும் அக்கா அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிழுத்து, ஓரத்தில் கேட்டிருந்தார்: "அவருக்குப் புற்றுநோயா, அவரே புற்றுநோயா?"

நண்பர் மேல் தவறில்லை. மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது. கூட இருப்பவர்களின் மனத்தைக் கெடுக்கும் ஆட்டக்காரரை 'லாக்கர் ரூம் கேன்சர்' என்பது அங்கே விளையாட்டு நிருபர்களின் புழங்குமொழி. எழுதுகிறவர் கை கூசுவதில்லை. இத்தனைக்கும் அங்குள்ள நேஷனல் ஃபுட்பால் லீக், 2009 முதல் பல ஆண்டுகள், அக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகத் தன் ஆட்டக்காரர்களுக்கு இளஞ்சிவப்புக் காலணியும் கையுறையும் மாட்டி மைதானத்தில் இறக்கியது.

அக்கா கேட்டது அசல் இலக்கணக் கேள்வி. நோயாளி என்றால் 'ஹி ஹேஸ் கேன்சர்'. வசவு என்றால் 'ஹி இஸ் எ கேன்சர்'. 'ஹேஸ்' போய் 'இஸ்' வந்து, பக்கத்தில் ஓர் 'எ'யும் ஒட்டிக்கொண்டால் ஆளே நோயாகிவிடுகிறார். தமிழில் நோய் வருகிறது. வந்தவர் 'அவருக்கு' என்று நான்காம் வேற்றுமையில் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். அந்த 'கு' சின்ன உருபுதான். ஆனால் ஆளுக்கும் நோய்க்கும் நடுவில் ஒரு திண்ணை போட்டுக் கொடுக்கிறது.

சொல்லின் தொடக்கம் நண்டு. கிரேக்க மருத்துவர்கள் 'கார்கினோஸ்' என்றார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்த இரத்தக்குழாய்கள் நண்டுக்கால் போல் விரிந்திருந்ததால் அந்தப் பெயர் என்பது அவர்களில் ஒருவரான கேலனின் விளக்கம். லத்தீனில் நண்டு 'கேன்சர்'. நம் கடக ராசியும் அதே நண்டுதான். ஆங்கில ராசிபலன்காரர்களில் சிலர் அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கி 'மூன் சைல்ட்' என்று எழுதுவதுண்டு.

வசவுக்கும் வயது அதிகம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், பொய்ப்போதனை பரவுவதற்கு ஒரு நோயை உவமை சொல்கிறார். கிரேக்க மூலத்தில் அது சதை அழுகும் 'காங்கிரைனா'. 1611-இன் ஆங்கில பைபிளில் 'கேங்க்கர்' ஆனது. 1982-இல் வந்த புதிய கிங் ஜேம்ஸ் பதிப்பில் 'கேன்சர்' ஆகிவிட்டது. நம் பழைய தமிழ் வேதாகமம் 'அரிபிளவை' என்கிறது. எவ்வளவு நல்ல சொல்! தொலைத்துவிட்டோம்.

1973 மார்ச் 21 அன்று வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் ஜான் டீன், அமெரிக்க அதிபர் நிக்சனின் அறைக்கே போய், வாட்டர்கேட் விவகாரம் அதிபர் பதவியை ஒட்டி நாளுக்கு நாள் வளரும் கேன்சர் என்றார். ஒலிநாடாவில் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த நிக்சன், அதற்குப் பதினைந்து மாதம் முன்புதான் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டவர். 'புற்றுநோய் மீதான போர்' என்று ஊரெல்லாம் பேச்சானது அதற்குப் பிறகுதான். போர் என்றால் இறந்தவர் தோற்றவர்தானே? ஆங்கில இரங்கல் குறிப்புகள் இன்றும் அப்படித்தான் எழுதுகின்றன.

உலகில் அதிகம் பேரைக் கொல்வது இதயநோய். ஆனால் எந்த அரசியல்வாதியையும் யாரும் 'நாட்டின் மாரடைப்பு' என்று திட்டுவதில்லை. கணினி விளையாட்டில் எதிரணியின் ஆட்டம் எரிச்சலூட்டினால் பையன்கள் 'கேன்சர்' என்று கத்துகிறார்கள். அதே மொழியில், வீட்டுக்குள் ஒருவருக்கு வந்துவிட்டால் குரல் தாழ்ந்து 'பிக் சி' ஆகிவிடுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் தனக்கு மார்பகப் புற்றுநோய் கண்ட பிறகு, 1978-இல், 'இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்' எழுதினார். நோயை உவமையாக்கினால் பழி நோயாளி மேல் விழும் என்பது அவர் வாதம். வியட்நாம் போர்க்கால ஆத்திரத்தில், மனித வரலாற்றின் கேன்சர் வெள்ளை இனம் என்று எழுதியவரும் அவரேதான். அதை அந்த நூலிலேயே ஒப்புக்கொள்கிறார்.

எனக்கும் அந்தக் கடன் உண்டு. பழைய இதழ்களைப் புரட்டினேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே பக்கத்தில், 'சாதியெனும் புற்றுநோய்' என்று எழுதியிருக்கிறேன். அன்று அது கோபமாகத் தெரிந்தது. இன்று பார்த்தால் சோம்பல். கட்டி தானாக வளர்கிறது, அதற்குக் குற்றவாளி இல்லை. சாதியை நாள்தோறும் ஆட்கள் செய்கிறார்கள். பேர் உண்டு, ஊர் உண்டு, லாபக்கணக்கும் உண்டு. அவர்களை எல்லாம் ஒரே சொல்லில் தப்பவிட்டிருக்கிறேன்.

அந்தத் தலையங்கத்துக்கும் மெய்ப்பு பார்த்தவர் அக்காதான். அன்று ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தியதோடு சரி. சென்ற மாசியிலிருந்து அவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்கு ரயில் ஏறுகிறார். மெய்ப்புத் தாள்களைக் கூடவே எடுத்துப்போய், மருந்து இறங்கும் நேரத்தில் பார்த்து முடித்துவிடுகிறார்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'அணியைக் குலைத்தவர்' என்று போட்டிருக்கிறோம். நண்பருக்கு அதில் காரம் போதவில்லையாம்.