ஏரிக்கரையில் நின்றுபோன கூலி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க வருகிறவர்கள் குடவோலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 30 குடும்பு என்ற ஊர்ப் பிரிவுகள், 35 முதல் 70 வயது, குடத்தில் இட்ட ஓலை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய அந்தக் கல்வெட்டில் என் கண் வேறொரு விதியில்தான் நிற்கும். ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனின் பெயரை மறுபடி குடத்தில் இடக் கூடாது. அவன் உறவினர் பெயரையும் இடக் கூடாது. பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்கை முடித்தாக வேண்டும். நிலமுள்ளவர்களின் சபை அது. கூலியாட்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

அன்று குடத்துக்குள் பெயர் போகாதவர்கள் இன்று இந்த வட்டாரத்து ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் மண்வெட்டியோடு நூறு நாள் வேலைக்கு நிற்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்.

இவர்களின் கூலி நின்ற கதைக்கு முன் ஓர் ஒப்பீடு. அமெரிக்காவில் 2025 அக்டோபர் 1 தொடங்கி 43 நாள் அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். நம் நாட்டில் அப்படி நடக்காது. பட்ஜெட் தள்ளிப்போனால் அரசியல் சட்டத்தின் 116-ஆவது பிரிவு இடைக்காலச் செலவுக்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் அலுவலகம் திறந்திருக்கும்போதே இங்கே கூலி நின்றுபோகும். 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் நடந்தது அதுதான். ஒன்றிய அரசு தர வேண்டிய 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று 2025 பொங்கலை ஒட்டி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் பாக்கி 4,034 கோடி என்றது மாநில அரசு. தமிழ்நாட்டுக்கு நிறையவே கொடுத்திருக்கிறோம் என்றது ஒன்றிய அரசு. இந்தப் பேச்செல்லாம் மளிகைக்கடை நோட்டில் வரவு ஆகாது.

வேலை செய்த 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றது நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் ஈடு. ஊர்க் கணக்கில் அது ஒன்றரை வட்டி. அப்போது அறிவித்திருந்த நாள் கூலி 319 ரூபாய். முழுக்கூலி விழுந்தால் ஆறு நாளுக்கு 1,914. அந்தப் பணம் வராமல், மகளிர் குழுத் தவணை கட்ட ஒருத்தி 2,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60 ரூபாய் அவள் கையை விட்டுப் போகும். அதே மாதத்துக்குச் சட்டப்படி அவளுக்குச் சேர வேண்டிய ஈடு 29 ரூபாய்கூட இல்லை. நான்கு மாதம் இப்படியே போனால் காதில் கிடக்கும் தோடு அடகுக்கடைக்குப் போகும். அரசு அவளிடம் கைமாற்று வாங்கியிருக்கிறது, அதுவும் அவள் கட்டுகிற வட்டியில் பாதிக்கு. இது அநியாயம். இந்த ஈட்டைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டம் 125 நாள் வேலை என்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டுமாம். இனி கூலி நிற்க இரண்டு கஜானாக்கள் காரணமாகலாம்.

அடுத்த கிராமசபைக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். நம் ஊராட்சியில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி பாக்கி, அதற்கு ஈடு எவ்வளவு என்று வாசிக்கச் சொல்லுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.