கணித்த வானமும் கண்ட வானமும்

வானத்தை அளந்து பார்க்க விழையாத இளமை இல்லை. முன்னோர் கற்பனையால் ஏறினர்; இந்நாளில் கணினியின் முன் அமர்ந்தே ஏறுவோர் பலர். சென்ற வேனில் விடுமுறையில் எமது ஊராகிய கம்மாபுரத்தில், நண்பர் ஒருவர் இல்லத்தில், யாமும் அவ்வாறு ஏறினோம். அதனால் எம் உள்ளத்தெழுந்த கருத்தொன்றைக் கல்லூரி அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

யாம் ஆடியது, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து நிறுவனமொன்று 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட 'எலைட் டேஞ்சரஸ்' என்னும் ஆட்டம். நம் பால்வீதி மண்டலத்தை அதன் முழு அளவிற் காட்ட முயல்வது அது. சுமார் 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள் அதில் உள. அவற்றுள் ஒன்றரை லட்சத்திற்குச் சற்று மேற்பட்டவையே வானநூலார் பட்டியல்களினின்று எடுக்கப்பட்டவை. எஞ்சியவற்றை எவரும் கையால் வரைந்திலர். ஓர் எண்ணை விதையாக இட்டுச் சில விதிகளை அதன்மேற் செலுத்தினால், விண்மீனின் எடையும் வயதும், கோள்களின் தொகையும் பாதையும் அவ்விதையினின்றே முளைக்கின்றன. அதே விதை என்றும் அதே குடும்பத்தையே தரும்.

அங்கே கண்ட விந்தைகள் பல. ஒன்றையொன்று தொடுமளவு நெருங்கிச் சுழலும் இரட்டை ஞாயிறுகளைக் கண்டோம். வளையம் அணிந்த மங்கிய விண்மீனைக் கண்டோம். இரு துருவங்களினின்றும் ஒளித்தாரை வீசும் நியூட்ரான் விண்மீனைக் கண்டு அஞ்சி விலகினோம். பிறர் செல்லாத குடும்பத்தை முதலில் ஆராய்ந்து செய்தி கொணர்வோரின் பெயர் அங்கே பொறிக்கப்படும். கருந்துளையொன்றின்மேல் தம் பெயரைக் கண்ட நண்பர், "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று ஆர்த்தார். அருகிருந்த அவருடைய பாட்டனார், "எதையப்பா கண்டுபிடித்தாய்? அவன் ஒளித்து வைத்ததைத்தானே?" என்றார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பாட்டனார் கூற்றை முற்றும் ஏற்பதற்கில்லை. ஒளித்து வைத்தவர் எனப்படுவோரும் அக்கருந்துளையை முன்னம் கண்டவரல்லர். விதியை வகுத்தவர் அதன் விளைவு அனைத்தையும் அறிந்தவராகார். இத்தகைய கணித்த வானம் நம் நாட்டிற்குப் புதிதும் அன்று. நம் மாவட்டத்தின் எல்லையை அடுத்துள்ள புதுச்சேரியில், 1825-ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஜான் வாரன் என்பவர்க்குக் கணித்துக் காட்டினார். ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையிற் சோழிகளைப் பரப்பி, சொல்லும் அசையுமாக நெஞ்சிற் பதித்திருந்த வாய்பாடுகளால் அவர் கணித்தார். வானநூலின் தத்துவம் எதனையும் அவர் அறிந்தவரல்லர். விதியை மட்டும் பிழையாமற் போற்றியவர். கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணிதம் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே வேறுபட்டது. சிறிய எண்ணும் உறுதியான விதியும் கொண்டு வானத்தை விரிக்கும் கலையில், கணினி அச்சோழிகளின் இளைய உறவே என்போம்.

ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. சோழிக் கணிதர் பிழைத்தார் என்று காட்ட, அன்றிரவு உண்மைச் சந்திரன் வானில் நின்றது. நண்பரின் கருந்துளை பிழையென்று காட்ட எங்கும் எதுவும் இல்லை. ஆட்டத்தின் வானம் நம்மை வியப்பிக்கும்; மறுத்துரையாது.

மறுத்துரைக்கும் வானத்தின் பெருமைக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவராயிருந்த காப்டன் ஜேக்கப், ஓபியூக்கஸ் மண்டலத்து 70-ஆம் விண்மீனை ஆராய்ந்தார். அஃது ஒன்றையொன்று சுமார் 88 ஆண்டுகளிற் சுற்றிவரும் இரட்டை. அவற்றின் பாதையிற் கணக்கிற்கு அடங்காத பிறழ்ச்சி கண்டு, அங்கே ஒரு கோள் இருத்தல் கூடும் என 1855-இல் எழுதினார். பின்னர் வேறொருவரும் அதனை வற்புறுத்தினர். 1899-இல் மௌல்டன் என்னும் அமெரிக்கர், அவ்வாறு கூறப்பட்ட மூன்றாம் பொருள் அங்கு நிலைத்திராது எனக் கணிதத்தாற் காட்டினார். ஞாயிறு போன்ற விண்மீனொன்றின் கோள் உறுதியாக அறியப்பட்டது 1995-இல். ஜேக்கபின் கோளோ இன்றளவும் அகப்படவில்லை. ஆயினும் பொறிக்கப்பட்ட ஆயிரம் பெயரினும் அவருடைய பிழை எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஏனெனில் அது தோற்கக்கூடிய கூற்று.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் மற்றொரு சான்று. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் என்று கணித்துப் பலர் காத்திருந்தனர். மறைவுக்குரிய நேரம் வருமுன்னரே விண்மீன் மங்கி மீண்டது. இந்து மகாசமுத்திரத்தின் மேல் விமானத்தினின்று நோக்கிய அமெரிக்கரும் காவலூரில் நோக்கியோரும் இதனைப் பதிந்தனர். யுரேனஸின் வளையங்கள் அன்று வெளிப்பட்டன. எவருடைய கணக்கிலும் அவை முன்னர் இருந்ததில்லை.

ஆட்டத்தை ஆக்கியோரும் இவ்வுண்மையை அறிவர். 2017 பிப்ரவரியில், சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் மங்கிய விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுகின்றன என வானநூலார் அறிவித்தனர். அதனை அணித்தே, ஏழு கோள்களுடைய மங்கிய குடும்பமொன்றை ஆட்டத்தின் விதி முன்னமே முளைப்பித்திருந்தது. வியப்பே! எனினும் பின்னர்த் திருத்தப்பட்டது வானம் அன்று, ஆட்டமே.

ஆதலின் ஆட்டத்தைக் கடிதல் எம் கருத்தன்று. அதனால் விழித்த ஆவல் ஆட்டத்திலேயே உறங்கிவிடலாகாது என்பதே எம் வேண்டுகோள். அன்றிரவு மூவரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். பாட்டனார் விரல் நீட்டிக் கேட்டையைக் காட்டினார். அதற்கு வடகிழக்கே ஜேக்கபின் இரட்டை இருத்தல் வேண்டும். நல்ல இருளில் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவது அது. நெய்வேலியின் விளக்கொளி அடிவானத்தை வெளுக்கச் செய்ய, எம் தெருவிளக்கும் கண்ணைக் கூச, யாம் அதனைக் காண முடியவில்லை. 40,000 கோடி விண்மீன்களை மேசையின்மேல் பெற்றுவிட்டோம். மாடிக்கு மேலுள்ள ஒன்றை இழந்து நின்றோம். தெருவிளக்கின் ஒளி நிலத்தை நோக்கி மட்டும் விழுமாறு மூடி அமைப்பது அரிய செயலன்று. திங்களுக்கு ஓரிரவேனும் மாணவர் இருளான வெளியில் கூடுவதும் அரிதன்று. பாட்டனார் வினாவுக்கு விடை கூற விரும்புவோர் அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.