சுவர் விழுந்த இடத்தில் இறைவன்



செபமாலை சொல்கிறோம், ஒருசந்தி இருக்கிறோம், வேளாங்கண்ணிக்கு நடந்தும் போகிறோம். ஆனாலும், "கடவுள் என்னோடு இருப்பதை உணர முடியவில்லையே, சாமி" என்று பலர் சொல்கிறார்கள். இந்த ஏக்கத்துக்கு நம் மண்ணின் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். ஆறு ஆண்டுகள் கழித்து, 1745இல் புதுச்சேரி சம்பா கோவிலில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் தாழ்த்தப்பட்ட மக்கள். திருவிழாவுக்காகக் காரைக்காலிலிருந்து சென்ற ஒரு குரு இதைக் கண்டு, ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஊக்கம் கொடுத்தார். அவர்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உம் பிள்ளைகள்தானே என்று முறையிட்டார்கள். அவர் அதன் நியாயத்தை ஏற்றார், சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொண்ட மனக்கசப்பையும் பிள்ளை மறைக்கவில்லை.

கல் சுவர் ஒரே நாளில் விழுந்தது. மனச்சுவர் விழவில்லை. நம் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் 2008 மார்ச்சில் சாதியின் பெயரால் கிறிஸ்தவர்களே மோதிக்கொண்டார்கள். காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அதுவும் ஒரு தவக்காலம்தான். 2025 பிப்ரவரியில், கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவர்கள், தாங்கள் பாகுபாட்டுக்கு உள்ளாவதாகக் கொடுத்த மனுவை ஏற்று உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நம் வீட்டு வழக்கு டெல்லிவரை போனது ஏன் என்று கேட்பது நம் வேலை.

திருச்சபை இதில் மௌனமாக இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட நம்மிடம் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகவே சொன்னார். 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, சாதிப் பாகுபாட்டைப் பெரும் சமூகப் பாவம் என்றே அழைத்தது.

பாவம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மனமாற்றமும் வேண்டும் அல்லவா? ஆனால் ஆன்ம சோதனை செய்யும்போது கோபம், பொய், குடி எல்லாம் நினைவுக்கு வரும் நமக்கு, சாதி நினைவுக்கு வருவதில்லை. அதை வழக்கம், குடும்ப கௌரவம் என்று தனியே எடுத்து வைத்துவிடுகிறோம். ஒரு அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு, விருந்தாளி வீடு முழுவதும் நிறைந்திருக்க வேண்டும் என்று ஏங்கினால் எப்படி?

சக்கேயுவைப் பாருங்கள் (லூக் 19:1-10). ஆண்டவரை வீட்டுக்குள் வரவேற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று சொன்னார். அதன் பிறகே, இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் இயேசு. பிரிக்கும் சுவரைத் தகர்த்து அமைதியை உண்டாக்கியவர் கிறிஸ்து என்கிறது எபேசியர் திருமுகம் (2:14). சுவரைக் காப்பாற்றிக்கொண்டே அவரைத் தேடுவது வீண்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்று மறைக்கல்வியில் படித்தோம். ஐந்தாவது, பரிகாரம். இந்தப் பாவத்துக்குப் பரிகாரம் மூன்று செபங்களோடு முடியாது. இதுவரை போகாத தெருவில் ஒரு துக்க வீட்டுக்குப் போய் உட்காருங்கள். கொடுக்கும் காப்பியை வாங்கிக் குடியுங்கள். கல்லறையில் இடம், தேர் செல்லும் வழி, பிள்ளைகளின் திருமணம் என்று பேச்சு வரும்போது நியாயத்தின் பக்கம் வாய் திறந்து நில்லுங்கள். குருக்களாகிய நாங்களும் இதே சோதனைக்கு உட்பட்டவர்கள்தான். 1745இல் காரைக்கால் குருவுக்கு இருந்த துணிவு எங்களுக்கு இருக்கிறதா என்று நாங்களும் முழந்தாளிட்டுக் கேட்க வேண்டும்.

ஆண்டவரே, எங்கள் நடுவில் நாங்கள் எழுப்பிய சுவர்களை எங்களுக்குக் காட்டும். அவற்றை எங்கள் கையாலேயே இடிக்க அருள்தாரும். ஆமென்.