பள்ளி அரிசியில் நம் பிள்ளைகளின் பங்கு

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் போடும் சாப்பாட்டைச் சர்க்கார் இடும் தர்மம் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். தர்மமல்ல, சட்டம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு, நகராட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதை உரிமையாக்கியிருக்கிறது. ரேஷன் கார்டு வேண்டாம். எந்த மாநிலத்தான் என்ற கேள்வியும் கிடையாது.

அரிசி எப்படி வருகிறது? ஐந்தாம் வகுப்புவரை தலைக்கு நாளொன்றுக்கு 100 கிராம், அதற்கு மேல் 150 கிராம். இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து மாநிலத்துக்கு இது இலவசம். பருப்பு, எண்ணெய், காய்கறிச் செலவில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மராட்டிய அரசுக்கு 40 பங்கு. ஆனால் எத்தனை தலை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முந்தைய ஆண்டில் சராசரியாக எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று பார்த்து மாநிலம் திட்டம் அனுப்புகிறது, டில்லி ஒதுக்குகிறது. பதிவேட்டில் பெயரில்லாத பிள்ளை இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. புனேக்குக் கட்டட வேலைக்கு வந்த 40 குடும்பங்கள் வீட்டுக்கு ஒரு சிறு பிள்ளையைச் சேர்க்காமல் விட்டால், 220 பள்ளி நாளில் 880 கிலோ அரிசி கைநழுவுகிறது. பெயர் ஊர்ப் பள்ளியில் இருக்கிறதே என்பார்கள். பிள்ளை இங்கே செங்கல் குவியலில் விளையாடும்போது அங்கே அதற்கு யார் சோறு வடிப்பார்கள்?

மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, வயதுச் சான்று இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிடக் கூடாது. இரண்டு காரணத்துக்காகவும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சாப்பாடு போடாத நாளுக்குத் தானியமும் சமையல் செலவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு விதி. இதைக் கேட்டு வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்?

முட்டைக்கு வருவோம். காமராஜர் 1956லும் எம்.ஜி.ஆர். 1982லும் விரித்த பந்தியில் வளர்ந்த நமக்கு, தமிழ்நாட்டில் வாரம் ஐந்து முட்டை என்பது பழகிப்போன செய்தி. மராட்டிய அரசு 2023இல் வாரம் ஒரு முட்டை என்று தொடங்கி, 2025 ஜனவரியில் அதற்கான பணத்தையும் நிறுத்தி, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக்கொள்ளுங்கள் என்றது. கூலிக்காரர் குடியிருப்பில் பள்ளிக்கூடம் யாரிடம் போய் நன்கொடை கேட்கும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், சரிபாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். மராத்தி சரியாகப் பேச வராது என்று நம் தாய்மார்கள் அங்கே போகத் தயங்குகிறார்கள். அரிசி இருப்புக் கணக்கைக் கேட்க அரைகுறை மராத்தி போதும்.