கத்தியும் சாணையும்

ஊரில் சாணைக்காரர் தெருவோடு கூவி வருவார். கத்தியும் அரிவாள்மனையும் வாசலிலேயே கூர்பெறும். பெங்களூரில் அடுக்குமாடி வாயிற்காவலைக் கடந்து அவர் வருதல் அரிது. ஆதலின் நம்மவர் சிலர் சிறிய பெல்ட் சாணை இயந்திரம் வாங்கியுள்ளனர். அத்தகைய பெல்ட்டுகளைச் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் சென்னையில் தோன்றியதே. இயந்திரம் வாங்கியோர்க்குச் சில சொல்ல விழைகிறோம்.

கூர்மைக்கு உயிர் கோணம். சமையற் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி போதும். கை தளரும், கத்தியை ஒரே சாய்வில் நிறுத்தும் ‘ஜிக்’ எனும் பிடிகருவி தளராது. ஆயினும் அது சூட்டைத் தடுக்காது. மெல்லிய விளிம்பு நொடியில் காயும். நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று என்று அறிக. பதமிழந்த இடத்தில் எவ்வளவு தீட்டினும் கூர் நில்லாது. ஆகவே அடிக்கடி நீரில் தோய்த்தெடுத்தல் வேண்டும்.

பெல்ட் கீழ்நோக்கி ஓடினால் கூர்விளிம்பும் கீழ்நோக்கியே இருக்கட்டும். எதிர்த்து நின்றால் கத்தி பெல்ட்டைக் கிழித்துத் தெறிக்கும். மறுபக்க விளிம்பில் நெடுகப் பிசிர் தட்டுப்பட்டதும் கத்தியைத் திருப்பலாம். இறுதியில் தோற்பட்டையில் தீட்டினால் பிசிர் நீங்கும்.

பலகையில் பொருந்திய அரிவாள்மனை ஜிக்கில் அமையாது. அதற்குச் சாணைக்காரரே துணை. மாதம் ஒருநாள் அவரை உள்ளே விடுமாறு வாயிற்காவலரிடம் சொல்லிவைப்போம். நம் அடுக்களையும் நடக்கும், அவர் பிழைப்பும் நடக்கும்.